கட்டிலில் படுத்துப் பார்த்தவர்

முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டு மதிப்பெண் போடுவது எங்கள் ஆபீசரின் வேலை. டில்லி லோதி ரோடு ஆபீஸிலிருந்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். அன்று போன இல்லத்தின் மேனேஜர் பளபளத்த தரையைக் காட்டினார், ரிஜிஸ்டரை நீட்டினார். இவரோ வழக்கம்போல ஷூவைக் கழற்றிவிட்டுக் காலியான கட்டிலில் படுத்துவிட்டார். ஆறடி மனிதர், கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆயாவைக் கூப்பிடற பெல் எங்கேய்யா?"

"கதவுகிட்ட இருக்கு சார்" என்றேன்.

"எழுந்து போய் அடிக்க முடிஞ்சா, நான் ஏன்யா இங்க படுத்திருக்கேன்?"

எலக்ட்ரீஷியன் வந்து பெல் ஒயரைக் கட்டிலுக்கு இழுத்துக் கட்டுகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு, எப்படித் தெரிந்ததோ, சுவிட்சைப் பக்கத்துக் கட்டில் பெரியவர் கையில் வைத்தார். பெரியவர் உடனே அழுத்தினார். ஆயா ஓடிவந்தாள்.

"பானி" என்று தண்ணீர் கேட்டார் பெரியவர்.

ஒரு மணி நேரமாக அந்தப் பெரியவர் தலைமாட்டில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.