பொய் சொல்லாமலே ஏமாற்றுவது

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிளி என்று பெயர். டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நோயாளிக்குத் தமிழிலும், நோயாளி தமிழில் சொல்வதை டாக்டருக்கு இங்கிலீஷிலும் சொல்வதுதான் வேலை. சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு ஒரு சம்பளமா என்று நர்சுகள் சீண்டுவார்கள். சீண்டுகிறவர்கள் ஒரு நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஏமாற்றுவதற்கு இங்கிலீஷில் வண்டி வண்டியாக வினைச்சொல் இருக்கிறது. அவளைப் படாதபாடு படுத்தியது 'மிஸ்லீட்'. அதற்குப் பொய்யே வேண்டாம். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், கேட்கிறவர் தானாகத் தப்பான முடிவுக்குப் போய்ச் சேர்வார். அறியாமலும் செய்யலாம், அன்பினாலும் செய்யலாம். இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடி, பாத்திரம் கழுவும்போதெல்லாம் தனக்குத்தானே பேசிப் பார்த்துத் தோற்றிருக்கிறாள்.

அன்று ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார். வயிற்றில் கட்டி. அவர் மனைவி ரிப்போர்ட்டைத் தன் தம்பியிடம் காட்டி, அது என்ன கட்டி என்று முன்பே தெரிந்து வைத்திருந்தாள். வராந்தாவில் கிளியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டின்னு மட்டும் சொல்லும்மா. மனுஷன் உடைஞ்சு போயிடுவார். நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலியே."

"உள்ள யார் என்ன சொன்னாலும் நான் அப்படியே சொல்லணும்க்கா. ஒரு வார்த்தைகூட முழுங்க முடியாது."

அழுகிற முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும். அவளுக்கு அது இருந்தது.

உள்ளே டாக்டர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். கட்டி இருக்கிறது, இந்த மாதமே எடுத்துவிட வேண்டும். கிளி தமிழில் சொன்னதும் டிரைவர் சிரித்தார்.

"கட்டிதானே? திருவிழா சீசன் முடியட்டும்மா. இப்ப யார் லீவு தருவா?"

அதை இங்கிலீஷில் கேட்டதும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். அதில் அந்த வினைச்சொல்லும் வந்தது. டிரைவரின் மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். ஒற்றைச் சொல்லுக்குக் காத்து நிற்காமல், டாக்டர் சொன்னதைக் கிளி பிரித்துச் சொன்னாள்:

"கட்டின்னு மட்டும் சொல்லி உங்களைத் தப்பா நினைக்க விட எனக்கு மனசில்லை. இது புற்றுநோய். இப்பவே எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தள்ளிப் போட்டா அது கைவிட்டுப் போயிடும்."

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அந்த நிதானத்தை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை.

டிரைவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

"என்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு, தனியா அழுதுட்டிருந்தியா?"

கிளி அதையும் இங்கிலீஷில் சொன்னாள். டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு சொல்லும்மா. இத்தனை நாள் இவ தூங்கியிருக்க மாட்டா. இன்னிக்கு ராத்திரி நான் முழிச்சிருக்கேன், இவ நிம்மதியா தூங்கட்டும்."