விமான நிலையத்தில் வலை ஈயம்

கிழமை விஷயத்தில் எனக்கும் என் மனைவிக்கும் ஒத்துப்போவதில்லை. நாங்கள் முதன்முதலாக விமானம் ஏறியது ஒரு திங்கட்கிழமை என்று அவள் சாதிப்பாள். செவ்வாய்க்கிழமை என்பதற்கு என்னிடம் போர்டிங் பாஸின் துண்டு இருக்கிறது. வைகாசி மாதம். மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. எங்கள் தங்கச்சிமடத்து விசைப்படகுகள் கரையோரமாகக் கட்டிக் கிடந்தன. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் எந்த வருடத்து நினைவும் எனக்குத் தடைக்காலத்துக்கு முன், பின் என்றுதான் அடுக்கிக்கொள்ளும்.

மகளுக்குத் துபாயில் பிரசவம். முறைப்படி அவள்தான் தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். மருத்துவர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால் நாங்கள் கிளம்பினோம்.

சோதனை என்பது எங்களுக்குப் புதிதல்ல. அக்கரையில், இலங்கையில், சண்டை நடந்த வருடங்களில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கருவாட்டு மூட்டையைக்கூட அவிழ்த்துக் காட்ட வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையை பாலிதீன் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். நடுக்கடலில் யார் எப்போது கேட்பார்கள் என்று தெரியாது. இராமேஸ்வரம் கோயில் வாசலிலும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதெல்லாம் பழகிப்போனதால் நாங்கள் எதையும் யோசிப்பதில்லை என்று அர்த்தமில்லை. யோசித்து யோசித்து எனக்கென்று ஒரு கருத்து இருந்தது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காவலான அரசியலமைப்பின் இருபத்தோராவது பிரிவை நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்திருக்கிறேன். ஒரு மனிதனின் உடம்பைத் தொட அரசாங்கத்துக்கு ஏதோ ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைக் கேட்க அந்த மனிதனுக்கு உரிமை வேண்டும் என்று சர்ச் வாசலில் நின்று பலமுறை பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வெளிச் சந்தையில் கணவாய் என்ன விலை என்று பேசப் போய்விடுவார்கள்.

பயணத்துக்கு முன் விதிகளை எல்லாம் தேடிப் படித்தேன். ஊறுகாய் கைப்பையில் கூடாது. கருவாடு விமானத்தின் அடியில் போகிற பெட்டிக்கு. நகவெட்டி வேண்டாம். என் பெல்ட்டின் கொக்கி, அவளுடைய செபமாலையின் சிலுவை, சில்லறைக் காசு, வீட்டுச் சாவி, எல்லாவற்றையும் யோசித்து வைத்தேன். ஒன்றை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் ஒன்று. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதியதைக் கொடுத்தேன்; வாசித்தாள். பேர் போடக் கூடாது என்று சொல்லிச் சம்மதித்தாள். ஆகவே பேர் இல்லாமல் வெளியிடுகிறேன்.

அந்தப் பயணத்துக்கு மூன்று வருடம் முன்பு மதுரையில் அவளுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பவில்லை, நன்றாக இருக்கிறாள். ஊரில் குடலில் கட்டி என்று சொல்லி வைத்தோம். எனக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவளுடைய தீர்மானம். "பாக்குறவுக மூஞ்சியப் பாக்காம அங்கனயே பாப்பாக" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள மருத்துவமனையில் ஏதோ ஒன்று விற்றார்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை. பழைய பருத்திச் சேலையில் பை தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, அவளே ஒன்று செய்துகொண்டாள். கை தூக்கினால் அது தோள்பட்டைக்கு ஏறிவிடும். வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவள். வலையின் மேல்கயிற்றில் மிதப்பு கட்டுவார்கள், அடிக்கயிற்றில் ஈயத்துண்டுகளைக் கோப்பார்கள். அப்போதுதான் வலை தண்ணீருக்குள் நேராக நிற்கும். தன் அண்ணன் வீட்டிலிருந்து நான்கு ஈயத்துண்டுகளை எடுத்து வந்து பஞ்சுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டாள். அதன் பிறகு அது ஏறவே இல்லை. மூன்று வருடத்தில் அதற்குள் ஈயம் இருப்பதை அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

மதுரை விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரு, அண்ணனா? மதினியுமா? மாதாவே, எங்கிட்டுச் சொல்லாமக் கெளம்பிட்டீக!"

எங்கள் தெருக்காரி. அதே விமானத்தில் தன் மகனைப் பார்க்கப் போகிறாளாம். நல்லவள். ஆனால் அவளிடம் காலையில் சொன்ன செய்தி மதியத்துக்குள் பாம்பனைத் தாண்டிவிடும். மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். இருவரும் பெண்கள் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

நான் என் வரிசையில் எளிதாகத் தாண்டிவிட்டேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பெண்களைத் துணித்திரைக்குப் பின்னால் நிறுத்திச் சோதிக்கிறார்கள். மனைவி உள்ளே போனாள். திரைக்குள்ளிருந்து கருவி கூவியது. மறுபடியும் கூவியது. பிறகு ஒரு பெண்ணின் அதட்டல்: "கை எடுங்க! கை எடுங்க அம்மே!"

அந்த நொடியில்தான் எனக்கு ஈயம் நினைவுக்கு வந்தது.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். சோதித்த பெண் காவலர் கேரளத்துப் பெண், வயது முப்பது இருக்கலாம். இடது பக்கம் கருவி கத்தியதும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வந்திருக்கிறாள். இவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காவலரின் கையைப் பிடிப்பது எப்படிப்பட்ட காரியம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் தெருக்காரி நிற்கிறாள் என்பது மட்டும்தான் தோன்றியது. "ஆபரேசன்" என்று உதட்டை அசைத்துச் சொன்னாளாம், சத்தமே இல்லாமல்.

வெளியே நான் கண்டது வேறு. திரை விலகியது. அந்தப் பெண் வந்து இன்னொரு பெண் அதிகாரியை அழைத்தாள். இருவரும் என் மனைவியை நடுவில் விட்டு, பக்கத்தில் இருந்த கதவு போட்ட அறைக்கு அழைத்துப் போனார்கள். மனைவி என்னைப் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

நான் அங்கிருந்த ஆண் காவலரிடம் போனேன். என்னிடம் வாக்கியங்கள் தயாராக இருந்தன. பல வருடமாகத் தயாராக இருந்தவை.

"அவங்க என் மனைவி. எதுக்காக அறைக்குக் கூட்டிட்டுப் போறீங்க? காரணம் சொல்லணும்."

"லேடீஸ் செக்கிங் சார். எனக்குத் தெரியாது. வெயிட் பண்ணுங்க."

"தெரியாதுன்னா யாருக்குத் தெரியும்? கேட்க எனக்கு உரிமை இருக்கு."

குரல் உயர்ந்துவிட்டது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சோதனை முடிந்து வெளியே வந்த தெருக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னண்ணே, மதினிய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக? என்னத்தக் கண்டுபிடிச்சாக?"

அந்தக் கேள்வியில் என் வாக்கியங்கள் எல்லாம் நின்றுபோயின. காரணம் சொல்லுங்கள் என்று நான் கத்துகிறேன். காவலர் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் காரணத்தைச் சொல்லிவிட்டால்? அந்தக் காரணம் வெளியே வராமல் இருக்கத்தான் அவள் கதவுக்குப் பின்னால் போயிருக்கிறாள். காவலர் எனக்குச் சொல்ல மறுத்ததுதான் அந்த நேரத்தில் அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு. இத்தனை வருடம் நான் சோதிப்பவர்களைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். சோதனையில் கண்டதை வேறு யார் பார்க்கிறார்கள், யார் காதுக்குப் போகிறது என்பது தனிக் கேள்வி. அதை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. பஸ்ஸை நிறுத்திச் சோதித்த நாட்களில் எங்களுக்கு அதிகம் கசந்ததும், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி எங்கள் துணிமூட்டை விரிந்து கிடந்ததுதான்.

"கால்ல கம்பி வச்சிருக்கும்மா" என்றேன் தெருக்காரியிடம். "முழங்கால்ல. அதான் மிஷின் கத்துது."

"கம்பியா! எப்ப வச்சாக? சொல்லவே இல்லையே!"

"மதுரையில. அந்தக் கட்டி ஆபரேசன் அப்பவே."

குடல் கட்டிக்கு முழங்காலில் ஏன் கம்பி வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. "பாவம் மதினி" என்று மட்டும் சொன்னாள்.

அறைக்குள் மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வெளியில் எடுத்துக் காட்டவும் சம்மதித்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அந்தப் பஞ்சுப் பை மற்றவர்கள் பார்க்கும்படி எக்ஸ்ரே மிஷினின் பெல்ட்டில் போகக் கூடாது. ஆனால் உள்ளே ஈயம் இருக்கும்போது அதைப் பார்க்காமலும் விட முடியாது. இது அவளுக்கும் புரிந்தது. எனக்கும் புரிகிறது, அதே விமானத்தில்தான் நாங்களும் போக வேண்டும், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். கூட வந்த பெண் அதிகாரி, அப்படியானால் இங்கேயே பிரித்துக் காட்டட்டும் என்றாராம். கேரளத்துப் பெண் வெளியே போய், பயணிகளிடம் பிடுங்கிப் போட்ட சாமான்கள் கிடக்கும் பெட்டியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அதைப் பார்த்ததும் என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "நகவெட்டிய வீட்டுல வச்சுட்டு வரச் சொன்னாரு மனுசன். இங்கன இவ்வளவு பெரிய கத்திரி இருக்கு."

தையலை என் மனைவியே பிரித்தாள். நான்கு ஈயமும் மேசைமேல் விழுந்தன. வலைக்குப் போடுவது என்று சொன்னதும் கேரளத்துப் பெண் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்து, "எங்க அச்சன் வீட்டிலும் உண்டு" என்றாளாம். ஈயத்தை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். ஈயம் இல்லாவிட்டால் பஞ்சு ஏறிவிடுமே என்றாள் இவள். பிறகு அவளே, எப்போதும் வளையலில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளைக் கழற்றி, பையை உள்பாடியோடு இரண்டு பக்கமும் குத்திக்கொண்டாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். ஏறவில்லை. மூன்று வருடமாக இது தோன்றாமல் போய்விட்டதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அடுத்த முறை முதலிலேயே சொல்லுங்க அம்மே. தனி அறை வேணும்னு சொன்னா மதி, போதும். அது உங்க உரிமை" என்று அனுப்பி வைத்தாளாம் அந்தப் பெண். நான் இருபத்தோராவது பிரிவை வைத்துச் சொல்ல நினைத்ததெல்லாம் இந்த மூன்று வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

கதவு திறந்தது. மனைவி வந்தாள். முகத்தைப் பார்த்தவுடனே எனக்கு உயிர் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் தெருக்காரி ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள்.

"மதினி, மெல்ல, மெல்ல! கால்ல கம்பி வச்சிருக்காமே. அண்ணன் இப்பத்தான் சொன்னாக."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாவியை எடுப்பதுபோலத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பிறகு அவள் "ஆமாடி" என்று சொல்லி, வலது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தாள். விமானப் படிக்கட்டு வரைக்கும் அப்படியே வந்தாள். படியேறும்போது இடது காலை இழுத்தாள். தெருக்காரி கவனிக்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்ததும் என் தொடையில் ஒரு கிள்ளு.

"வேற பொய்யே கெடைக்கலயா ஒங்களுக்கு? கம்மல்னு சொல்லியிருக்கலாம்ல?"

"காதுல இருக்கிறத எடுத்துக் குடுத்துருக்கலாமேன்னு கேப்பாளே."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதுரையில் கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவள் அந்தப் பேச்சில் சிரித்து நான் பார்த்ததில்லை.

பேத்தி பிறந்தாள். திரும்பி வரும்போது துபாயில் அவளே முன்னால் போய், "தனி ரூம்" என்று இரண்டே வார்த்தை சொன்னாள். புரிந்துகொண்டார்கள். நான் பைகளோடு ஓரமாக நின்றேன்; யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தங்கச்சிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறுபடியும் நொண்ட வேண்டியதாயிற்று. தெருக்காரி எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தாள். கம்பி எங்கள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. பங்குச் சாமியார்கூட விசாரித்தார். அடுத்த நாள் காலையில் தெருக்காரி ஒரு தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள், எலும்புக்கு நல்லது என்று. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். கடைசியில் ஒரு காலை, மிளகு வாசனையோடு அவள் வாசலில் நின்றபோது என் மனைவி என்னை வெளியே போகச் சொன்னாள்.

நான் போகிறதுபோலப் போய், கிணற்றடியில் நின்றேன். உள்ளே வெகுநேரம் தாழ்ந்த குரல். ஒரு அழுகை; யாருடையது என்று தெரியவில்லை. பிறகு தெருக்காரியின் குரல், வழக்கம்போல ஊருக்கே கேட்கிற மாதிரி:

"அதுக்கு ஏன் மதினி நொண்டுனீக?"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்து சுவரில் ஏறியது. நான் உள்ளே போனேன். தெருக்காரி என்னைப் பார்த்ததும் சட்டியை மூடினாள்.

"மதினிக்கு நாளைக்கும் சூப்பு வரும். அண்ணனுக்கு ஒரு சொட்டு கெடயாது. கம்பி வச்ச வாயி."

இன்று வரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியின் கால் மட்டும் எப்படியோ சரியாகிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.