இழுப்பறைகளில் பத்து வருடம்

மாதத்தின் முதல் வேலைநாளில் அந்த அக்கா ஏதாவது ஓர் இழுப்பறைக்குத் தாள் விரிப்பார். புலம்பெயர்வு ஆய்வுத் துறையின் சாமான் அறைக் கதவில் துப்புரவுப் பட்டியல் தொங்கும். தேதி, நேரம், அக்காவின் கையெழுத்து, வாரக் கடைசியில் கட்டட மேற்பார்வையாளரின் கையெழுத்து. மாதம் முடிந்ததும் அதைக் கழற்றி, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி ஓர் இழுப்பறையின் அடியில் போடுவார். பழைய தாளை எடுக்க மாட்டார். அதன் மேலேயே புதியது. "நல்ல பேப்பருக்கு ஒரு பக்கம்தான் ஆயுசா?" என்பார். துறையில் அவருக்கு டிராயர் அக்கா என்று பெயர்.

மாணவியாக மூன்று வருடம், ஆய்வு உதவியாளராக இரண்டு வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அப்பா மூட்டை தூக்குபவர். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அக்கா அவளைப் 'பட்டதாரி' என்று கூப்பிடுவார். அதில் பாதி கேலி, பாதி பெருமை.

வேறு நாடுகளிலிருந்து வந்த நாற்பது பேரை வருடந்தோறும் பேட்டி காண்பது துறையின் பெரிய ஆய்வு. அக்கா அதில் இருபத்தேழாம் எண். எல்லாக் கேள்விக்கும் மடமடவென்று பதில் சொல்வார், நான்காவதைத் தவிர. ஏன் ஊரை விட்டு வந்தீர்கள்? "அடுத்த வருஷம் சொல்றேன். கடன்னு எழுதிக்கோ," என்று எழுந்துவிடுவார்.

அந்த வருடம் அவருக்குக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பத்து வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததை ஆறு வாரத்துக்குள் நிரூபித்தால் நிரந்தரமாகத் தங்கலாம்; இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அவரை வேலைக்கு வைத்த ஒப்பந்த நிறுவனம் மூன்று முறை பெயர் மாற்றி, கடைசியில் கதவைச் சாத்திவிட்டது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ரசீது என்ற சொல்லையே கேள்விப்படாதவர்.

துறையில் யாரும் பதறவில்லை. நம்மிடம் பத்து வருடப் பேட்டி இருக்கிறதே என்றார்கள். சட்டத் துறையின் இலவச உதவி மையத்து மாணவர்கள் வந்து, இருபத்தேழாம் எண் இவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோதுதான் முகங்கள் மாறின. பேசியவரின் அடையாளம் வெளியே போகக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் அந்த வருடப் பெயர்ப்பட்டியலைக் கிழிக்கும் இயந்திரத்தில் கொடுத்திருந்தார்கள். அந்தத் துணுக்குகளை மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோனவர் அக்கா.

"என் பேரை நானே குப்பையில கொட்டியிருக்கேன்," என்று அவர் சிரித்தார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். இருபத்தேழாம் எண்ணின் வாக்கியங்களை வைத்து அவள் எழுதிய கட்டுரைக்குப் போன மாதம்தான் கைதட்டல் வாங்கியிருந்தாள். அந்தக் கட்டுரையைத் தேடி இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தாள். அது கையோடு வந்து குப்புறக் கவிழ்ந்தது. அடியில் கிடந்த தாள்கள், எழுதிய பக்கம் தெரியத் தரையில் பரவின. எல்லாவற்றிலும் தேதி, நேரம், அக்காவின் கையெழுத்து.

அரை மணி நேரத்தில் நடைக்கூடம் முழுக்க இழுப்பறைகள். மாணவர்கள் மண்டியிட்டு மாதவாரியாக அடுக்கினார்கள். "தொடைச்சதுக்குக் கையெழுத்துப் போட்ட பேப்பரெல்லாம் செல்லும்னு யாருக்குப்பா தெரியும்?" என்று அக்கா நடுவில் நின்றார். நூற்றிருபதில் நூற்றுப் பதினாறு கிடைத்தன. ஆறாம் வருடத்தில் தொடர்ந்து நான்கு மாதம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். திறக்காமல் மீதியிருந்தது பேராசிரியரின் மேசை. ஒரே பூட்டில் நான்கு இழுப்பறை.

"சாவி தொலைஞ்சு போச்சே," என்றார் பேராசிரியர்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு மேடம். உள்ள என்ன இருக்குன்னும் தெரியும். இத்தனை நாள் வாயைத் திறக்கல," என்றார் அக்கா.

பேராசிரியர் நெற்றியைத் தடவினார். "சரி, திறங்க. மானம் போனா போகட்டும்."

நான்கிலும் திருத்தப்படாத மாணவர் கட்டுரைகள் கட்டுக்கட்டாக இருந்தன. தொலைந்ததாகச் சொல்லப்பட்ட தன் கட்டுரையை ஒருவன் அங்கேயே கண்டெடுத்தான். ஒவ்வொரு இழுப்பறையின் அடியிலும் ஒரு தாள். விடுபட்ட நான்கு மாதமும் அவைதான்.

குடியேற்ற அலுவலகத்தில் விசாரணை அதிகாரி தாள்களை நிதானமாகப் புரட்டினார். ஒரு நாள் கூட விடுப்பு எடுத்ததில்லையா என்று கேட்டார். "ஒரு நாள் காய்ச்சல். அதையும் எழுதியிருக்கேன், பாருங்க," என்றார் அக்கா. எழுதித்தான் இருந்தார். இருபது நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

மறுநாள் அக்கா பின்வாசலை விட்டு முன்படிக்கட்டு வழியாக, இருப்பதிலேயே நல்ல உடுப்பில், கடிதத்தைக் கையில் பிடித்தபடி ஏறி வந்தார். துறையின் பதினொரு அறைகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பேராசிரியர் அவர் கையைப் பிடித்து விடவே இல்லை. நாட்டை விட்டுப் போனால் இடைவெளி விழுமே என்று பத்து வருடமாகப் போய்ப் பார்க்காத தங்கையைப் பார்க்க முதலில் பயணம். பிறகு வேறு நகரத்து மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளர் வேலை.

கிளம்பும்போது அந்தப் பெண் நான்காவது கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் வந்தேன்னு இனிமே எந்த ஆபீசும் என்னைக் கேக்க முடியாது, பட்டதாரி. ஆனா உனக்குத் தர வேண்டிய கடன் இருக்கு, மறக்கல. அடுத்த வருஷம்."

அடுத்த வருடம் வந்து போய்விட்டது. மூன்று நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால் அந்த எண்ணை நீக்கிவிடலாம் என்பது ஆய்வின் விதி. அந்தப் பெண் இன்னும் முதல் நினைவூட்டலையே அனுப்பவில்லை. இருபத்தேழாம் எண்ணின் நான்காவது கட்டம் காலியாகவே இருக்கிறது.