அக்கா டீ போடப் போன நேரம்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இன்றைய திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி அழுது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "ஏலே, ஒப்பாரி வைக்கத்தான் பேனாவை எடுத்தியா?" என்பார். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அக்கா பாம்பனில் கடலை ஒட்டிய தெருவில் பிறந்தார். அய்யாவுக்கு வள்ளத்தில் மீன்பிடிப்பு, அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். நான் பிறந்ததும் என்னை இடுப்பில் தூக்குவதற்காக அக்காவின் படிப்பு நின்றது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. "அப்பவே கனமா இருப்பான்" என்று மட்டும் சொல்வார். அதே தெருவில் வாழ்க்கைப்பட்டார். பிள்ளை இல்லை. ஒரு நாள் மச்சான் போன வள்ளம் திரும்பி வந்தது, மச்சான் வரவில்லை.

அதன்பின் அக்கா கொடைக்கானலுக்குப் போய் ஒரு கன்னியர் மடத்து விடுதியில் சமையல் வேலை பார்த்தார். கடலைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதே அப்போது அவருக்கு வேண்டியிருந்தது. சில வருடங்களில் மனம் ஆறி ஊர் திரும்பியபோது, டிபன் பாக்ஸுக்குள் ஈரத் துணியில் சுற்றி ஒரு தண்டைக் கொண்டுவந்தார். விடுதி வராந்தாவில் நின்ற பிகோனியாவின் தண்டு. சிஸ்டர் பார்க்காத நேரம் ஒடித்தது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாராம். பாவம் கேட்ட சாமியார், "பூ என்ன நிறம்?" என்று கேட்டாராம். இதை அக்கா எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார் என்பது இந்த மலரைப் படிக்கும் உங்களுக்கே தெரியும்.

பிகோனியா என்ற பேர் எங்கள் தெருவின் வாயில் நுழையவில்லை. இலை ஒருபக்கம் சரிந்த தேவதூதன் இறக்கை மாதிரி, வெள்ளிப் புள்ளிகளோடு இருப்பதால் அக்கா அதற்குச் சம்மனசுச் செடி என்று பேர் வைத்தார். சம்மனசுக்கு எங்கள் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கடல் மணலைப் போட்டு நட்டார். இலை ஓரமெல்லாம் கருகியது. அப்புறம் எங்கள் தெரு முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிற மீன் கழுவிய தண்ணீரையே இதற்கும் ஊற்றினார். செடி வாடியதோடு, தெருப் பூனைகளெல்லாம் வீட்டுக்குள் வந்து தொட்டியைத் தோண்டின. கடைசியில் தேங்காய் நார்த் தூளும் மக்கிய சருகும் கலந்து, கிணற்று உப்புத் தண்ணீரைத் தவிர்த்து மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றிய பிறகுதான் அது தலை நிமிர்ந்தது. வெயில் நேரே படாத வடக்கு ஜன்னலில், ரோஜா நிறத்தில் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கடல் பக்கத்து ஜன்னலை அக்கா நிரந்தரமாக அடைத்துவிட்டார். மச்சானை நினைத்துத்தான் அடைத்தார் என்று ஊர் உச்சுக் கொட்டியது. உண்மையில் செடிக்கு உப்புக்காற்று ஆகாது, அவ்வளவுதான்.

பூ வந்ததும் ஆளும் வந்தது. எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு: கேட்டு வாங்கிய செடி பிடிக்காது, கையால் கொடுத்த செடியும் பிடிக்காது, திருடி வைத்த செடிதான் தழைக்கும். அக்காவின் செடியே அதற்குச் சாட்சி. அதனால் யாராவது ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அக்கா எழுந்து, "இருங்க, டீ போட்டுட்டு வாரேன்" என்று அடுக்களைக்குப் போய்விடுவார். பாத்திரத்தைச் சத்தமாக உருட்டுவார். டீயோடு திரும்பும்போது ஒரு தண்டு குறைந்திருக்கும், வந்தவர் பை கொஞ்சம் புடைத்திருக்கும். இருவரும் விலைவாசியைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சாமியாருக்கும் அக்கா ஒருமுறை டீ போட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வரும் வாழ்க்கை. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் கலங்கிப்போனேன். அக்கா சிரித்தார். "எனக்கும் சம்மனசுக்கும் ஒரே வைத்தியம்தாம்லே. தண்ணி கூடுனா அழுகிருவோம்." கடைசி முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது ஆட்டோவில் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டார். "மண்ணுல விரலை விட்டுப் பாரு. காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும். பாத்துக்கலே." அதுதான் என்னிடம் அவர் விட்டுப்போன ஒரே வேலை.

அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அடக்கத்துக்கு நாங்கள் கல்லறைக்குப் போயிருந்த நேரம், வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த எங்கள் சின்னம்மா, "பாவம், இதுவும் தண்ணி காணாம நிக்கிதே" என்று தொட்டி நிறைய ஊற்றினார். வீட்டில் இருந்தவரை தினமும் ஊற்றினார். கண்மாய்ப் பாசனத்துக்காரர், வயலில் தண்ணீர் நிறுத்தியே பழகிய கை. அன்புதான், வேறென்ன. நான் கவனித்தபோது தண்டு அடியில் குழைந்துவிட்டது. ஒரு கணுவும் தேறவில்லை. அக்காவைப் புதைத்த அன்று ஆட்களுக்கு நடுவில் அடக்கிக்கொண்டேன். அந்தத் தொட்டியைக் கவிழ்த்த அன்று உட்கார்ந்து அழுதேன்.

ஊரெல்லாம் அக்காவின் செடி நின்றது. ஆனால் வாய்விட்டுக் கேட்டால் பிடிக்காதே. நான் படகு என்ஜின் உதிரிபாகம் விற்கிறவன், இதையெல்லாம் நம்பலாமா என்றால், அக்கா விஷயத்தில் நம்பினேன். ஒரு நாள் பக்கத்துத் தெரு ஜெசிந்தா மதினி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஜன்னலில் செடி பூத்து நின்றது. மழையைப் பற்றிப் பேசினேன், மீன்பாடு பற்றிப் பேசினேன். மதினி என்னையும் பார்த்தார், நான் பார்க்கும் இடத்தையும் பார்த்தார்.

"கொழுந்தனாரே, இங்கனயே இருங்க. டீ போட்டுட்டு வாரேன். பால் வேற காய்ச்சணும், நேரமாகும்."

அவர் போன பிறகு எழுந்து ஜன்னலருகே போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தி, கழுவித் துடைத்து வைத்திருந்தது. உள்ளே பாத்திரம் உருண்டுகொண்டே இருந்தது.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், முகம் சுளிக்காத நர்ஸ் பிள்ளைகளுக்கும், எந்த நேரமும் ஆட்டோ எடுத்த தெருத் தம்பிகளுக்கும், அடக்கச் சடங்கை நடத்திய பங்குத்தந்தைக்கும், கண்ணீரோடு வீட்டைக் கழுவிய சின்னம்மாவுக்கும், உடனிருந்த சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா வீட்டில் திருடிய ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நன்றி. நீங்கள் திருடியிராவிட்டால் இன்று எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

திருப்பலி முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். வடக்கு ஜன்னலில் சம்மனசுச் செடி இந்த வாரம்தான் முதல் கொத்து விட்டிருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் நான் டீ போட அடுக்களைக்குப் போவேன். எனக்கு டீ போட நேரமாகும்.