குன்வோர் சுரண்டி எறிந்த மெழுகு

நார்வேப் பனிச்சறுக்கு அணியில் பலகைகளுக்கு மெழுகு பூசுவதுதான் ஒட்வாரின் பிழைப்பு. பனிக்கேற்ற மெழுகு இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட வீராங்கனையும் நகரமாட்டாள். குன்வோரின் பதக்கங்கள் அத்தனையும் அவன் பூசிய பலகைகளில் வந்தவை.

ஓய்வு பெற்றுப் போன அவள் இந்தக் குளிர்காலத்தில் திரும்பி வந்து நின்றாள். அவளுடைய இடத்தை ஒரு இளம்பெண்ணுக்குக் கொடுத்துவிட்ட மேலாளர் ஸ்டைனாருக்கு அது கசந்தது. தகுதிப் போட்டியன்று காலையில் மெழுகு வண்டிக்குள் வந்தார்.

"ஒட்வார், அந்தக் கிழவி பலகைக்கு ரொம்ப மெனக்கெடாத. புரியுதா?"

அவர் இறங்கிப் போனதும் ஒட்வார் மெழுகை எடுத்தான். அவர்மேல் வந்த ஆத்திரத்தில், அவள் பலகையை முன்னெப்போதையும்விடப் பார்த்துப் பார்த்துப் பூசினான்.

குன்வோர் அதை வாங்கி அடியை விரலால் தடவினாள்.

"ஸ்டைனார் உன் வண்டிக்குள்ள எதுக்கு வந்தான்?"

"காபி குடிக்க."

"அவன் அறையிலயே காபி இருக்கே."

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். ஒட்வார் விழித்தான். அந்த விழிப்பே அவளுக்குப் போதும். மரத்தின் மறைவுக்குப் போய் அவன் பூசியதைச் சுரண்டி எறிந்துவிட்டு, தன் பையிலிருந்த பழைய மெழுகைத் தேய்த்தாள். ஒட்வார் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம், ரோஷம் விடவில்லை.

முதல் ஏற்றத்திலேயே ஈரப்பனி அவள் பலகையடியில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது. கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள்.

அவள் கண்ணெதிரிலேயே ஸ்டைனார் ஒட்வாரின் தோளைத் தட்டினார். "பிரமாதம்டா! இத நான் மறக்கமாட்டேன்."

"நானும்தான்" என்றாள் குன்வோர்.