கமலவேணிக்குக் கிடைத்த பிள்ளையார் சுழி

கமலவேணிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது என் வீட்டுக்காரர் அலாவுதீன். துணைக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து "யா அல்லா" என்று கத்தியது ரஹீமாவாகிய நான். ஆகவே இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் மலாக்காவின் காஜா பேராங்கில் கிடையாது.

அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள், மீதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைப்பாள். எனக்கு வைத்த பெயரை நான் சொல்வதாக இல்லை. அவள் கணவர் சேதுபதி ஒரு ரப்பர்க் கடையில் கணக்கெழுதும் கிராணி. ஐம்பத்தேழாம் வருஷம், ஊருக்குக் கப்பலேறப் போன ஒரு தோட்டத்து துரையிடம் பழைய மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். அந்த துரை பொழுது போகாமல் காருக்குத் தானே பெயிண்ட் கலந்து, ஒரு மாதிரிப் பழுப்பு நிறத்தில் அடித்து வைத்திருந்தார். மலாக்கா முழுக்க அலைந்தாலும் அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கார் வந்த பிறகும் சேதுபதி சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். காரில் தூசி படுமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துக்காங் எமாஸ் தெரு விநாயகர் கோயிலுக்கு எடுத்துப் போவார், அதுவும் இரண்டாவது கியரைத் தாண்டாமல். திரும்பி வந்ததும் முன் சக்கரத்தை ஒட்டி ஓர் எலுமிச்சம்பழம் வைத்துவிடுவார். பழம் நசுங்கினால் வண்டி நகர்ந்தது தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. தினமும் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வந்தால், காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மனைவி முகத்தைப் பார்ப்பார்.

"பொம்பளை கை பட்டா கியர் கெட்டுடும்" என்பதும் அவர் சொன்னதுதான். அதைக் கேட்ட அன்றைக்கே கமலவேணி வேலியருகே வந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். இருபது வருஷம் லாரி ஓட்டியவர் அவர்.

"பாய், எனக்கு ஓட்டக் கத்துக்கொடுங்க. நாடே சுதந்திரம் வாங்குது, நான் ஒரு லைசன்ஸ் வாங்கக் கூடாதா?"

மலாயாவின் சுதந்திரத்துக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. அவள் மெஷினில் ரவிக்கைத் துணியைவிடக் கொடித் துணிதான் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். வார நாட்களில் எலுமிச்சம்பழம் என் சமையலறையில் இருக்கும், கார் புக்கிட் ரம்பாய் ரோட்டில் இருக்கும். வியாழக்கிழமை அவளுக்கு லைசன்ஸ் சோதனை. அதற்குள் சேதுபதிக்குத் தெரிந்தால் வீட்டு ஆணியில் தொங்கும் சாவி கடை மேசைக்குள் போய்விடும், அப்புறம் அவள் ஜன்மத்துக்கும் ஸ்டீரிங்கைத் தொட முடியாது. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமைதான் வந்தது வினை. வீட்டு வாசலுக்குள் வண்டியைத் திருப்பும்போது என் கோழி குறுக்கே ஓடியது. கோழியைக் காப்பாற்றினாள், கதவைக் கோட்டைவிட்டாள். வேலியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி இடது பக்கக் கதவில் முதலில் ஒரு வளைவு வளைந்து, பிறகு ஒரு சாண் நீளத்துக்கு நேராக இழுத்துவிட்டது. பழுப்புக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கீறல்.

"தங்கச்சி, இது வீட்டுலயே செய்யற வேலைதான்" என்றார் என் வீட்டுக்காரர். "கழுவி, நைஸ் உப்புத்தாளால தேய்ச்சு, அடிப்பூச்சு பூசி, அது காஞ்ச பொறவு மேல கலர். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு மணி நேரம்தான் இருக்கு பாய். கலருக்கு எங்க போறது? துரை கப்பல்ல போயிட்டாரே!"

அப்போதுதான் எனக்குத் தீய்ந்த வாசனை வந்தது. பணியாரத்துக்காக அடுப்பில் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லத்தைக் காய்ச்ச வைத்திருந்தேன். கீறல் பார்க்க வந்த அவசரத்தில் அடுப்பை மறந்துவிட்டேன். உள்ளே ஓடினால், பாகு பொங்கிப் பக்கத்திலிருந்த தட்டில் வழிந்து, கெட்டியாகிப் பளபளத்துக் கிடந்தது. பின்னாலேயே வந்த கமலவேணி தட்டைப் பார்த்தாள், ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பாகும் துரையோட பெயிண்டும் ஒரே கலர் லா!"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையும் வந்தது. அவள் அந்தக் கோழியின் இறகு ஒன்றை எடுத்து, சட்டியில் மிஞ்சியிருந்த சூடான பாகில் தோய்த்து, கண்ணுக்கு மை இடுகிற மாதிரி கீறல் நெடுக இழுத்தாள். ஓரத்தில் வழிந்ததை வெந்நீர்த் துணியால் துடைத்தாள். கீறல் இருந்த இடம் தெரியவில்லை. சேதுபதி ஐந்தேகாலுக்கு வந்தார், சுற்றினார், குனிந்தார், நிமிர்ந்தார். "காப்பி இருக்கா?" என்று கேட்டு உள்ளே போனார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் மூச்சு விட்டேன்.

புதன்கிழமை காலை அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கார்க் கதவில் எறும்பு. கண்டபடி அல்ல, முதலில் ஒரு வளைவு, பிறகு ஒரு சாண் நேர்கோடு, அணிவகுப்புக்கு நிற்கிற போலீஸ்காரர்கள் போல. அடுத்த சந்திலிருந்து வந்த, மலாய் மட்டுமே பேசும் மலாக்காச் செட்டிக் கிழவி, "செமுட் பூன் மாவு நாயிக் கெரெத்தா!" என்று சொல்லிச் சிரித்தாள். எறும்புக்கும் கார் ஏற ஆசையாம். கமலவேணி கொடித் துணியும் கையுமாக என் பக்கம் வந்து ஒண்டிக்கொண்டாள்.

சேதுபதி மண்டியிட்டார். எறும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"யாரும் தட்டாதீங்க! பிள்ளையார் எறும்பு. எழுத்தைப் பாருங்க, 'உ'னா! பிள்ளையார் சுழி போட்டிருக்கார்!"

கறுப்பு எறும்பு பிள்ளையார் எறும்புதான், அதை அடிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வதுண்டு. ஆனால் அது எழுத்து எழுதும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அவர் பயபக்தியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வியாழக்கிழமைக்குள் எறும்புகள் பாகை முடித்துவிட்டிருந்தன. வெள்ளைக் கீறலோடும் சந்தனப் பொட்டோடும் வண்டி சோதனைக்குப் போனது. அதிகாரி கதவைக் காட்டிக் கேட்டதற்கு, "சாமி சமாச்சாரம்" என்றாளாம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கமலவேணி பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பிய சேதுபதியின் முன்னால் அவள் லைசன்ஸை நீட்டினாள். நான் வேலியோரம் துணி காயப்போடுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"சுழி போட்டா ஏதாவது தொடங்கணும் இல்லையா?" என்றாள். "நான் தொடங்கிட்டேன்."

அவர் லைசன்ஸை இரண்டு தரம் படித்தார். சாவியை அவள் கையில் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, கீறல் விழுந்த கதவைத் திறந்து, இடது பக்கம் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது கியருக்கு மேல போடாதே" என்றார். பிறகு, "கமலா, பிள்ளையாருக்குப் பாகு வச்சியே, அது கொஞ்சம் கருகிடுச்சு" என்றார்.

கமலவேணி என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன். அந்த மனுஷன் அன்றைக்கே நக்கிப் பார்த்திருக்கிறார்! தெரிந்துகொண்டேதான் கூடியிருந்த தெருவுக்கு முன்னால் எறும்புக்குப் பெருமை பேசினார், சாவியையும் ஆணியிலேயே தொங்கவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்பும்போது மூன்றாவது கியர் விழுகிற சத்தம் கேட்டது. வண்டி நிற்கவில்லை.