ஒரு நிமிடத்துக்குக் காரணம்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து மகிழினி தினமும் விம்கோ நகருக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே ஒரு கன்டெய்னர் யார்டு. லாரிகளை எடை போட்டு வெளியே விடுகிற கேட்டை நடத்துவது அவள் எழுதிய சாஃப்ட்வேர்தான். எடை பதிந்ததும் கேட் திறக்காது. ஒரு நிமிடம் சும்மா நிற்கும். டிரைவர்கள் ஹாரன் அடித்து வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஏன் அந்த ஒரு நிமிடம்? புரோகிராமில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘எடுக்காதீர்கள்’ என்று மட்டும் இருந்தது. இதற்குப் பெயர் விளக்கமாம்!

சாஃப்ட்வேர் டீமுக்குப் புதிதாகத் தலைமை ஏற்ற பெனிஷா ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத வரி வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய்விடும். நல்ல வழக்கம்தான். மூன்று வருஷம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

“அக்கா, இந்த ஒரு நிமிஷம் எதுக்கு? டிரைவருங்க தினம் சண்டைக்கு வாராங்க. எடுத்துரவா?”

பெனிஷா கேட்டது மகிழினியிடம்.

மூன்று வருஷத்துக்கு முன்பெல்லாம் எடை பதிந்ததும் கேட் திறந்துவிடும். ஒருநாள் கிளீனர் இறங்கிப் பின்சக்கரத்தருகே குனிந்து கன்டெய்னர் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கேட் திறந்தது, பின்னாலிருந்த லாரிகள் ஹாரன் அடித்தன, டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கிளீனர் அவள் தம்பி பாரி. அவனை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

காரியம் முடிந்து வந்தவள், கிளீனர் ஏறி உட்காரட்டும் என்று அந்த ஒரு நிமிடத்தைச் சேர்த்தாள். காரணத்தை எழுதப் போனபோது மேனேஜர் ஞானதுரை தடுத்தார். “அதெல்லாம் எழுத்துல வேண்டாம்மா. நாளைக்கு கேஸுன்னு வந்தா உனக்கும் வேலை இருக்காது.” அவளும் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறும் ஒன்றுதான், திட்டும் ஒன்றுதான். ஞானதுரை இப்போது ஹெட் ஆபீசில் இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெனிஷா அந்த வரியில் வந்து நின்றாள்.

“எடுக்கிறேன்க்கா.”

“இரு” என்றாள் மகிழினி. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பழைய சொல்லை அழித்துவிட்டு அடித்தாள்: ‘கேட் திறந்தால் டிரைவர் வண்டியை எடுப்பார். கிளீனர் அப்போது பின்சக்கரத்தருகே குனிந்திருப்பான். பாரி அப்படித்தான் செத்தான்.’

பெனிஷா அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“பாரி யாருக்கா?”

“என் தம்பி. இன்னா, அதையும் எழுதணுமா?”